பட்டி பார்த்து பெயின்ட் அடித்த பழைய சுண்ணாம்புச் சுவர் அடியில் உரிகிறது, என்ன செய்யலாம்? (வேலூர்)

வேலப்பாடி வீடு – டிசம்பர் 8

வணக்கம். வேலூர் வேலப்பாடியில் எங்கள் தாத்தா கட்டிய வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய 14 அங்குலச் சுவர், மேலே தேக்கு உத்தரம் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. நைனா இறந்த பிறகு அம்மா மட்டும் அங்கே இருக்கிறார். அவருக்கு இழுப்பு உண்டு. பழைய வெள்ளை உதிர்ந்து தூசி பறக்கிறதே என்று, மே மாதம் 16 நாள் லீவு போட்டு கூடத்தை நானே செய்தேன். தாத்தா வீட்டுக்கு என் கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

பழைய சுண்ணாம்பு அடுக்குகளைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் காரை பொலபொலவென்று இருந்தது. அதைத் தட்டிவிட்டு 1:4 சிமென்ட் கலவை பூசினேன். அப்புறம் பிரைமர், இரண்டு கை பட்டி, இரண்டு கை எமல்ஷன். வீட்டை ஒட்டிய இரண்டடிச் சந்து எப்போதும் சேறாகவே இருக்கும். அதற்கும் கான்கிரீட் போட்டேன்.

ஐந்து மாதம் நன்றாக இருந்தது. ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்தது, அடிச்சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே பட்டி தயிர் மாதிரி குழைந்து கிடக்க, அதன் மேல் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ முளைத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. இப்போது இடுப்பு உயரத்தில் வளைந்து வளைந்து ஒரு பழுப்புக் கோடு. காலையில் அம்மா பெருக்கினால் முறத்தில் ஒரு கைப்பிடி தூள் சேர்கிறது.

பெயின்ட் கடையில் ஓதம் தடுக்கும் பூச்சு என்று 10 லிட்டர் டின் ஒன்று கொடுத்தார்கள். இன்னும் திறக்கவில்லை. உரிந்ததைச் சுரண்டிவிட்டு இதை அடிக்கலாமா?

ராணிப்பேட்டை சிவில் – டிசம்பர் 8

டின்னைத் திறக்க வேண்டாம் நண்பரே. பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய வீடுகளின் பேஸ்மட்டத்தில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மண்ணில் உள்ள ஈரம் செங்கல் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மூன்றடி வரை ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை அந்த ஈரம் சுவரின் முகத்திலேயே ஆவியாகிப் போனது, கூடவே வந்த உப்பு வெள்ளையோடு உதிர்ந்தது. வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளை அடித்தபோது அது யாருக்கும் தெரியவில்லை. நீங்கள் சிமென்ட், பட்டி, எமல்ஷன் என்று மூன்று மூடி போட்டுவிட்டீர்கள். ஈரம் வெளியே வர வழி தேடுகிறது, உப்பு மூடிக்குப் பின்னால் படிகமாக வளர்ந்து அதைத் தள்ளுகிறது. நான்காவது மூடி போட்டால் அதையும் தள்ளும்.

ஆனால் இது ஊகம்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டித் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். விடிகாலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கூடத்துத் தரை மட்டமும் சந்தின் மட்டமும் எவ்வளவு வித்தியாசம் என்று டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து அளந்து சொல்லுங்கள். பாத்ரூம் எந்தப் பக்கம்?

இன்னொன்று, சுரண்டியதை நாக்கில் வைக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய கதவு, ஜன்னல் பெயின்டை உலர்வாகத் தேய்ப்பதும் வேண்டாம். அம்மாவுக்கு இழுப்பு வேறு, தேய்க்கும் நாளில் அவர் வேறு வீட்டில் இருக்கட்டும்.

சத்துவாச்சாரி – டிசம்பர் 9

இவ்வளவு யோசிக்கணுமா சார்? நாலு அடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடுங்கள். எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பார்க்கவும் நீட்டாக இருக்கும்.

ஆற்காட்டுக்காரி – டிசம்பர் 9

தம்பி, தயவுசெய்து டைல்ஸ் வேண்டாம். ஆற்காட்டில் எங்கள் மாமனார் வீட்டில் இதே மாதிரி சமையற்கட்டுச் சுவருக்கு நாலு அடி டைல்ஸ் ஒட்டினோம். இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது மழைக்கு, டைல்ஸுக்கு மேலே ஐந்தரை அடியில் சுவர் ஊறி நின்றது. ஈரம் வெளியேற இடமில்லாமல் மேலே ஏறியிருக்கிறது. அங்கே இருந்த சுவிட்ச் போர்டில் கை வைத்து என் நாத்தனாருக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, உதறியதோடு போயிற்று. டைல்ஸை உடைத்தபோது பின்னாலிருந்த செங்கலை விரலாலேயே நோண்ட முடிந்தது.

உங்கள் கூடத்தில் அந்தப் பழுப்புக் கோட்டுக்குக் கீழே பிளக் பாயின்ட் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அந்த லைனை மெயினில் அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும், சுவர் அப்புறம்.

வேலப்பாடி வீடு – டிசம்பர் 14

அக்கா, கோட்டுக்குக் கீழே ஒரு பிளக் பாயின்ட் இருந்தது. அம்மா அதில்தான் டேபிள் ஃபேன் போடுவார். படித்த அன்றே அணைத்துவிட்டேன், ஆர்சிசிபியும் போட்டாயிற்று. நீங்கள் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தோன்றியே இருக்காது.

சோதனை முடிவுகள். பாலித்தீன் தாளின் பின்பக்கம் நீர் சொட்டியது. மேல்தொட்டியில் ஓர் இரவில் மூன்று விரற்கடை இறங்கியது. பாத்ரூம் கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். பிளம்பர் உடைத்துப் பார்த்ததில், சுவருக்குள் இரும்புக் குழாயின் எல்போ துருப்பிடித்து ஊசித்துளையில் கசிந்துகொண்டிருந்தது. மாற்றிவிட்டோம்.

டியூப் மட்டம் வைத்தபோதுதான் திக்கென்றது. நான் போட்ட சந்து கான்கிரீட், கூடத்துத் தரையைவிட நான்கு அங்குலம் உயரத்தில் இருக்கிறது. தெருவும் உயர்ந்துவிட்டது. தாத்தா காலத்தில் திண்ணைக்கு மூன்று படி ஏற வேண்டும் என்று அம்மா சொல்கிறார். சாலை போடப் போட மேலே ஏறி, இப்போது ஒரு படிதான் மிச்சம்.

ராணிப்பேட்டை சிவில் – டிசம்பர் 14

அப்படியானால் மூன்று இடத்திலிருந்து தண்ணீர்: குழாய், சந்து, தெரு. குழாய் முடிந்தது. தெருவை நாம் இறக்க முடியாது. சந்து உங்கள் கையில் இருக்கிறது. கான்கிரீட்டை எடுத்துவிட்டு, தரை மட்டத்துக்கு ஆறு அங்குலம் கீழே வரை மண்ணை இறக்குங்கள். ஒரேயடியாகத் தோண்டாமல் ஆறடி ஆறடியாகச் செய்யுங்கள், அஸ்திவாரக் கல் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 20 எம்எம் ஜல்லி பரப்பி, சாக்கடைப் பக்கம் வாட்டம் கொடுங்கள். ஜல்லி வழியாக மண் மூச்சு விடும்.

உள்ளே, பழுப்புக் கோட்டுக்கு மேல் ஓரடி சேர்த்து சிமென்ட், பட்டி எல்லாவற்றையும் செங்கல் தெரியக் கொத்திவிடுங்கள். செங்கல்லுக்குச் செங்கல் உள்ள இணைப்புகளில் இளகிய காரையைச் சுரண்டுங்கள். கொத்திய குப்பையை அன்றன்றே வெளியே கொட்டிவிட வேண்டும், அதில் முழுக்க உப்பு. சுவரைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் வாரம் ஒரு முறை துடைத்தால் போதும்.

அப்புறம் பொறுமை. ஈரச் சுவர் உலர, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கைக்கணக்கு. 14 அங்குலத்துக்கு இரண்டு முகமும் திறந்திருந்தால் அதில் பாதி.

வேலப்பாடி வீடு – டிசம்பர் 15

ஏழு மாதம் செங்கல் தெரியவா? தைக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள், அம்மா ஒப்புக்கொள்ள வேண்டுமே. ஊசி போட்டு ரசாயனம் ஏற்றி ஈரத்தை நிறுத்தலாம் என்கிறார்களே, அது உதவுமா?

ராணிப்பேட்டை சிவில் – டிசம்பர் 15

புதுச் சுவர்களில் பார்த்திருக்கிறேன். 14 அங்குலப் பழைய சுவரின் நடுவே பொந்தும் உடைகல்லும் இருக்கும், மருந்து சீராகப் பரவாது. உங்கள் இடத்தில் நான் அந்தப் பணத்தைச் சந்துக்குச் செலவழிப்பேன்.

பூச்சுக்காரர் மகன், குடியாத்தம் – டிசம்பர் 16

எங்கள் அப்பா 40 வருடம் பூச்சு வேலை செய்தவர். இழையை அவருக்குப் படித்துக் காட்டினேன். "சொவுரு தண்ணிய இஸ்துக்கினு கீது, அத்த வுட்டுட்டு மூஞ்சிக்குப் பவுடர் பூசினா நிக்குமா?" என்றார். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

சுவர் காயும்வரை சும்மா இருக்க வேண்டாம், அந்த நேரத்தில் சுண்ணாம்பை ஊறவையுங்கள். சுட்ட சுண்ணாம்புக் கல் வாங்கி, இரும்பு டிரம்மில் பாதித் தண்ணீர் பிடித்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, வெடித்துத் தெறிக்கும். தண்ணீர் கொதிக்கும், அதனால் பிளாஸ்டிக் டிரம் ஆகாது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். தணிந்ததும் சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். எத்தனை மாதம் ஊறுகிறதோ அத்தனைக்கு வெண்ணெய் மாதிரி ஆகும்.

கலவை: சுண்ணாம்பு ஒரு பங்கு, சுருக்கி (செங்கல் தூள்) ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. சுருக்கிக்கு நன்றாக வெந்த செங்கல்லைத்தான் இடிக்க வேண்டும், அரைவேக்காடு உதவாது. பாலாற்று மணல் கிடைக்காவிட்டால் பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்டைச் சலித்துப் போடலாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கு வேண்டாம், குடிதண்ணீர் எடுங்கள். ஒரு கைப்பிடி சிமென்ட் போட்டால் சீக்கிரம் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள் என்று அப்பா இரண்டு முறை சொன்னார்.

அக்னி நட்சத்திரத்தில் பூசாதீர்கள். வேலூர் வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது பூச்சில் உள்ள ஈரத்தை ஒரே நாளில் குடித்துவிடும். சுண்ணாம்பு காற்றை இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்குள் காய்ந்தால் தூளாகிவிடும். ஆடி பிறந்ததும் செய்யுங்கள்.

வேலப்பாடி வீடு – ஜனவரி 20

சந்து வேலை முடிந்தது. பக்கத்து வீட்டு பாயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "எங்க சொவுரும் ஊறித்தான் கிடக்குது" என்று அவரும் மண்வெட்டி எடுத்து வந்துவிட்டார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தது.

செங்கல் தெரியும் சுவருக்கு முன்னால் அம்மா ஒரு பழைய புடவையைக் கொடியில் தொங்கவிட்டிருக்கிறார். தொடாமல் ஒரு சாண் தள்ளித்தான் இருக்கிறது, பரவாயில்லையா?

ஆற்காட்டுக்காரி – ஜனவரி 20

காற்றுப் போனால் சரி தம்பி. அம்மாவிடம் ஏழு மாதக் கணக்கைச் சொல்லிவிட்டீர்கள்தானே? எங்கள் வீட்டில் சொல்லாமல் ஆரம்பித்து நான் பட்ட பாடு போதும்.

வேலப்பாடி வீடு – ஆகஸ்ட் 24

பூச்சு முடிந்தது. பாலித்தீன் சோதனையை ஜூலைக் கடைசியில் மறுபடி செய்தேன், தாள் காய்ந்தே இருந்தது. ஐந்து மாதம் ஊறிய சுண்ணாம்பு கரணையில் ஒட்டிக்கொண்டு நழுவுவதைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. முதல் நாள் என் கை பழகவில்லை. கலவை நீர்த்துப்போய் இரண்டு சதுர அடி அப்படியே சரிந்து தரைக்கு வந்தது. மறுநாள் குடியாத்தத்திலிருந்து அந்த அப்பாவே பஸ் ஏறி வந்துவிட்டார். கூலி வாங்க மறுத்துவிட்டார், அம்மா வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மணியாஸ் கட்டையை எப்படிப் படுக்கவைத்துத் தேய்ப்பது என்று என் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினார்.

முதல் பூச்சு அரை அங்குலம், பத்து நாள் விட்டு இரண்டாவது அதில் பாதி. நனைத்த கோணிச் சாக்கைச் சுவருக்கு முன்னால் தொங்கவிட்டு, காலையும் மாலையும் தெளித்தோம். அம்மாதான் தெளித்தார், ஒரு வேளைகூடத் தவறவில்லை. மூன்று கை சுண்ணாம்பு வெள்ளை, கடைசிக் கையில் ஒரு சிட்டிகை நீலம்.

ராணிப்பேட்டை சிவில் – ஆகஸ்ட் 24

மிகவும் சந்தோஷம். மழைக்குப் பிறகு வந்து சொல்லுங்கள். சில இடத்தில் லேசாக உப்பு பூக்கும், பயப்படாமல் துடைத்துவிடுங்கள். தெருப் பக்கம் ஈரம் கொஞ்சம் இருந்துகொண்டேதான் இருக்கும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வெள்ளை அடிக்க வேண்டிவரும்.

வேலப்பாடி வீடு – நவம்பர் 19

மழை நன்றாகப் பெய்துவிட்டது. தெருப் பக்க மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு உப்பு பூத்தது, துடைத்ததும் போய்விட்டது. மற்ற இடமெல்லாம் விரலால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வருகிறது. முறத்தில் தூள் இல்லை என்று அம்மா நேற்று போனில் சொன்னார்.

40 கிலோ கல் வாங்கியதில் ஊறிய சுண்ணாம்பு இன்னும் இரண்டு பக்கெட் இருக்கிறது, மேலே தண்ணீர் நிறுத்தி மூடி வைத்திருக்கிறேன். பாய் வீட்டுச் சுவருக்கு ஒன்று போகிறது. வேலூர், காட்பாடி பக்கம் யாருக்காவது மற்றொன்று தேவைப்பட்டால் இங்கேயே எழுதுங்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம். மூடியுள்ள பாத்திரம் கொண்டுவாருங்கள், கையுறையும்.