ஸ்பானிஷில் லோ, லா, லே: எதை எங்கே போடுவது?

கேள்வி

'நான் அதை அவளுக்குக் கொடுக்கிறேன்' என்பதற்கு 'லே லோ தோய்' என்று எழுதினால் தப்பு, 'ஸே லோ தோய்' தான் சரி என்கிறார்கள். இந்த 'ஸே' எங்கிருந்து வருகிறது? இன்னொன்று: தமிழில் -ஐ வந்தால் லோ (அவனை, அதை) அல்லது லா (அவளை, அதை), -கு வந்தால் லே (அவனுக்கு, அவளுக்கு) என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாமா? வினைக்கு முன்னாலா பின்னாலா என்பதிலும் தெளிவில்லை.

பதில் 1

இரண்டும் சேர்ந்து வந்தால் 'யாருக்கு' முதலில், 'எதை' பிறகு: மே லோ தா (அதை எனக்குத் தருகிறான்). லே அல்லது அதன் பன்மையான லேஸ் என்பதை அடுத்து லோ, லா, லோஸ், லாஸ் வந்தால் முன்னது ஸே ஆகிவிடும். காதுக்கு நன்றாக இல்லை என்பதால் மாற்றினார்கள் என்று பலர் சொல்வார்கள், அது சரியல்ல. பழைய ஸ்பானிஷில் 'ஜெ லோ' என்று இருந்ததுதான் பிற்பாடு 'ஸே லோ' ஆனது. 'தன்னை' என்று பொருள்படும் ஸே வேறு, இது வேறு.

ஸே என்றால் அவனுக்கா, அவளுக்கா, அவர்களுக்கா என்று தெரியாது. தேவைப்பட்டால் கடைசியில் சேருங்கள்: ஸே லோ தோய் ஆ எய்யா (அவளுக்கு).

இடம்: காலம் காட்டும் வினைக்கு முன்னால், தனிச் சொல்லாக. 'லோ ஏ கொம்ப்ராதோ' (அதை வாங்கியிருக்கிறேன்) என்பதில் துணைவினையான ஏ-க்கு முன்னால்தான். கொம்ப்ராதோவின் வாலில் ஒட்டவே ஒட்டாது. கட்டளையில், 'தாமேலோ' (அதை எனக்குக் கொடு) என்று ஒட்டும். ஆனால் 'கொடுக்காதே' என்றால் பிரிந்து முன்னால் போய்விடும்: நோ மே லோ தேஸ்.

பதில் 2

வேற்றுமை உருபை நம்பலாம், பாதி தூரம். 'எனக்குப் பிடிக்கும்' என்பதற்கு 'மே குஸ்தா' அச்சாகப் பொருந்துகிறது; இதில் தமிழருக்குச் சிரமமே இல்லை. சறுக்குவது இங்கே:

'அவனுக்காகக் காத்திருந்தேன்' என்பதில் -கு இருந்தாலும் ஸ்பானிஷில் 'லோ எஸ்பெரே'. 'அவனிடம் கேட்டேன்' என்பதில் -கு இல்லை. ஆனாலும் 'லே ப்ரெகுந்தே'. 'அவனிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கினேன்' என்பதிலும் லே தான்: லே கித்தே எல் லிப்ரோ. யாரிடமிருந்து பறிக்கிறோமோ அவரும் லே-க்குள் அடங்குவார். உதவுவதற்கு லோ, லே இரண்டும் வழக்கில் உண்டு.

பெரிய பொறி 'ஆ'. 'வேயோ ஆ மரியா' (மரியாவைப் பார்க்கிறேன்) என்பதில் ஆ இருப்பதால் லே என்று நினைத்துவிடுவார்கள். அந்த ஆ, மனிதர் செயப்படுபொருளாக வருவதால் நிற்கிறது. நம் -ஐ மாதிரி. ஆகவே 'லா வேயோ'. ஸ்பெயினில் ஓர் ஆணைப் பார்த்ததை 'லே வி' என்று சொல்லக் கேட்பீர்கள். ஆண்பால் ஒருமையில், மனிதருக்கு மட்டும், மொழி விதிகளை வகுக்கும் ஸ்பானிஷ் அகாதமி அதை ஏற்கிறது.

அஃறிணைக்கும் பால் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கடிதம் (லா கார்தா) நமக்கு 'அது'. அங்கே 'லா எஸ்க்ரிபி' (அதை எழுதினேன்). எல்லாவற்றுக்கும் லோ போடும் பழக்கம் இந்த 'அது'விலிருந்துதான் வருகிறது.

பதில் 3

மேலே வராத ஒன்று. 'புத்தகத்தை வாங்கிட்டியா?' என்றால் 'வாங்கிட்டேன்' போதும் நமக்கு. அங்கே 'ஸி, கொம்ப்ரே' என்று நிறுத்தினால் வாக்கியம் தொங்கும். 'ஸி, லோ கொம்ப்ரே'. குறிப்பிட்ட பொருளாக இல்லாமல் பொதுவாக 'ரொட்டி வாங்கினியா?' என்றால் மட்டும் விடலாம்.

அதேபோல் செயப்படுபொருளை நம் வழக்கப்படி முன்னால் தூக்கிவைத்தால் லோ கட்டாயம் கூட வர வேண்டும்: எல் லிப்ரோ லோ கொம்ப்ரே அயேர் (புத்தகத்தை நேற்று வாங்கினேன்). லோ இல்லாவிட்டால் கேட்பவருக்கு உடனே இடறும்.

கேட்டவர்

நன்றி. அப்படியானால் 'கியேரோ லோ கொம்ப்ரார்' (அதை வாங்க விரும்புகிறேன்) சரியா?

பதில் 1

தப்பு, நடுவில் நிற்காது. 'லோ கியேரோ கொம்ப்ரார்' அல்லது 'கியேரோ கொம்ப்ரார்லோ', பொருள் ஒன்றே. இரண்டு இருந்தால் சேர்ந்தே நகர வேண்டும்: 'தே லோ கியேரோ கொம்ப்ரார்' அல்லது 'கியேரோ கொம்ப்ரார்தேலோ' (அதை உனக்கு வாங்க விரும்புகிறேன்). ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் வைக்காதீர்கள்.

எழுதும்போது அழுத்தக்குறியைக் கவனியுங்கள். ஒட்டினாலும் அழுத்தம் பழைய அசையிலேயே நிற்கும். கொம்ப்ரார்லோவில் அது கடைசிக்கு முந்தைய அசை, குறி வேண்டாம். கொம்ப்ரார்தேலோவில் பின்னாலிருந்து மூன்றாவதாகிவிடுகிறது, 'ப்ரார்' மீது குறி கட்டாயம். 'எஸ்தோய் லெயேந்தோலோ' (அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்) என்பதில் ஒன்றே ஒன்று ஒட்டினாலும் 'யே' மீது குறி வரும்.