'எடர்னிட்டி கிளாஸ்': தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மொழிபெயர்ப்பவர்:
நண்பர்களே, வணக்கம். அரசமைப்பு பற்றிய பள்ளிப் பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும் திருத்தக் கூடாதென்று அரசமைப்பே பூட்டி வைக்கும் பகுதிதான் 'எடர்னிட்டி கிளாஸ்' (eternity clause). ஜெர்மனியின் அரசமைப்பான அடிப்படைச் சட்டத்தில் (1949) பிரிவு 79(3) அப்படிப்பட்டது. மனித மாண்பு, மக்களாட்சி, கூட்டாட்சி இவற்றின் அடிப்படையில் எந்தத் திருத்தமும் கைவைக்க முடியாது. 'நித்தியப் பிரிவு' என்று எழுதினேன், மனசு ஒப்பவில்லை.

சட்டம் படித்தவர்:
ஒப்பாததே சரி. வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை, பொருளே பொருந்தவில்லை. ஜெர்மானிய மக்கள் தாங்களாக முடிவெடுத்து வேறு அரசமைப்பைக் கொண்டுவரும் நாளில் இந்தச் சட்டம் முடிந்துவிடும் என்று அதன் 146ஆம் பிரிவே சொல்கிறது. அப்புறம் எங்கே நித்தியம்? 'மாறாப் பிரிவு' போதும்.

தமிழாசிரியர்:
'மாறா' தன்வினை ஐயா. தானாக மாறாதது என்றே பொருள்படும். பிறர் மாற்றக் கூடாது என்பதல்லவா இங்கே செய்தி? அரசமைப்புக்கு 'யாப்பு' என்றொரு பெயரும் உண்டு, இலங்கையில் அரசியல் யாப்பு என்றும் எழுதுகிறார்கள். யாத்தல் என்றால் கட்டுதல், யாக்கையும் அதே வேர். செய்யுள் யாப்பில் நின்ற சீரின் ஈற்றசையையும் வரும் சீரின் முதலசையையும் பிணைப்பது தளை. நின்ற தலைமுறையை வரும் தலைமுறையோடு பிணைப்பதுதானே இந்தப் பிரிவின் வேலை? 'தளைப் பிரிவு' என்போம்.

வகுப்பெடுப்பவர்:
அழகான சொல் அம்மா. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளை தளை என்றதும் விலங்கைத்தான் நினைக்கும். படித்தவுடனே புரிய வேண்டும்: 'திருத்தவியலாப் பிரிவு'.

தமிழாசிரியர்:
விலங்கென்றே நினைக்கட்டும், பெரும்பான்மைக்குப் பூட்டிய விலங்குதானே! 1933இல் ஜெர்மனியில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை வெளியே நிறுத்திவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு வாக்கைக் காட்டியே சட்டமியற்றும் அதிகாரத்தை ஹிட்லர் அரசிடம் ஒப்படைத்தார்கள். அந்தக் காயத்திலிருந்து பிறந்த பிரிவு இது. 'திருத்தவியலா' என்பதில் அந்த வலி எங்கே இருக்கிறது?

சட்டம் படித்தவர்:
ஒன்று கவனிக்க வேண்டும். இந்தியாவில் இப்படி எழுதிவைத்த பிரிவே கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் கேசவானந்த பாரதி வழக்கில் (1973) பதின்மூன்று நீதிபதிகளில் ஏழு பேர் சொன்னதால், எந்தத் திருத்தமும் அரசமைப்பின் அடித்தளத்தைச் சிதைக்கக் கூடாதென்ற 'அடிப்படைக் கட்டமைப்பு'க் கோட்பாடு நிலைத்தது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பவர்:
போட மாட்டேன். மூன்று பேர் 'திருத்தவியலா' பக்கம் வந்துவிட்டோம், நாளை அதையே அனுப்புகிறேன். 1933 பற்றி ஒரு பத்தியும் சேர்த்துவிட்டேன் அம்மா.

தமிழாசிரியர்:
பத்திக்கு நன்றி. அதில் ஒரே ஓரிடத்திலாவது, அடைப்புக்குறிக்குள்ளாவது, 'தளை' என்று போடுங்கள்.