பணியில் சேரும் முதல் ஆண்டில் ஓர் ஆசிரியர் கற்றுக்கொள்பவை எவை?

கேள்வி

வணக்கம். ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு, வரும் கல்வியாண்டில் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கும் பணியில் சேரவிருக்கிறேன். பாடக்குறிப்பு எழுதுவதையும் துணைக்கருவிகள் செய்வதையும் பயிற்சிக் காலத்தில் நன்றாகவே பயின்றோம். ஆனால், கற்பித்தல் பயிற்சிக்காகச் சென்ற வகுப்புகளில் அந்த வகுப்புக்குரிய ஆசிரியர் எப்போதும் பின்வரிசையில் அமர்ந்திருப்பார். அங்கே நிலவிய அமைதி அவரால் வந்தது என்பது எனக்குத் தெரியும். இனி அறையில் நான் மட்டுமே பெரியவளாக இருப்பேன். வகுப்பை ஒழுங்காக நடத்துவது குறித்தும், மாணவர்கள் பாடத்தை உண்மையிலேயே உள்வாங்கிக்கொண்டார்களா என்று அறிவது குறித்தும், முதல் ஆண்டைக் கடந்து வந்தவர்கள் அனுபவத்தில் கற்றதைப் பகிர்ந்துகொண்டால் பெரிதும் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1

இந்தக் கவலை எல்லா நாடுகளிலும் புதிய ஆசிரியர்களுக்குப் பொதுவானது. அவர்கள் எவற்றைச் சிக்கல்களாக உணர்கிறார்கள் என்று பல நாடுகளில் நடந்த 83 ஆய்வுகளைத் தொகுத்து சைமன் வீன்மன் 1984இல் வெளியிட்ட கட்டுரையில், வகுப்பு ஒழுங்குதான் முதலிடத்தில் இருக்கிறது.

ஒழுங்கு என்றவுடன் எப்படிக் கண்டிப்பது என்றே நாம் யோசிக்கத் தொடங்குகிறோம். ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளரும் அங்கிருந்துதான் தொடங்கினார். வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970இல் அவர் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: சேட்டை நிகழ்ந்த பிறகு ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில், வகுப்பை நன்றாக நடத்தியவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. சேட்டை பிறப்பதற்கு முன்பு ஆசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதில்தான் வேறுபாடு இருந்தது. அறையின் எந்த மூலையில் எது நடந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும் என்று மாணவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஒரு மாணவனுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் மீதும் அவர் கண் இருந்தது. ஒரு செயலிலிருந்து அடுத்ததற்கு வகுப்பைத் தொய்வின்றி நகர்த்தினார்.

கடைசியாகச் சொன்னதை வலியுறுத்த விரும்புகிறேன். பாடம் நடக்கும் நேரத்தைவிட, குறிப்பேடுகளைத் திருப்பித் தரும் நேரத்திலும், குழுக்களாகப் பிரியும் நேரத்திலும், சோதனைக்குரிய பொருள்களை எடுத்துவரும் நேரத்திலுமே குழப்பம் மிகுதியாகப் பிறக்கிறது. குடுவைகளை யார் எடுத்து வருவது, எந்த வழியாக வருவது, முடித்தவர்கள் அடுத்து என்ன செய்வது என்பனவற்றை முதல் சில வாரங்களில் பாடத்தைப் போலவே கற்பித்து, செய்து பார்க்கவும் வைத்துவிடுங்கள். அதற்குச் செலவாகும் நேரம் வீணாகிவிடுமோ என்று தோன்றும்; ஆனால் அந்த நேரம் ஆண்டு முழுவதும் பல மடங்காக உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். நிறைவேற்ற முடியாத எச்சரிக்கை எதையும் ஒருபோதும் விடுக்காதீர்கள். ஒருவனைத் திருத்த வேண்டியிருந்தால், அவன் அருகில் சென்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். நண்பர்கள் முன்னிலையில் தலைகுனிய நேர்ந்த பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

பதில் 2

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனாலும், ஒழுங்கை நிலைநாட்டிய பிறகே கற்பித்தலைப் பற்றி நினைக்க வேண்டும் என்று புதியவர்கள் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. மாணவன் செய்வதற்கு ஒன்றும் இல்லாத பாடமே பல நேரங்களில் சலசலப்பாக மாறுகிறது. நான் என்ன பேசப்போகிறேன் என்று எழுதிவந்த பாடக்குறிப்பில், ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் மாணவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று எழுதத் தொடங்கியபோதுதான் என் வகுப்பு மாறியது.

‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லாத் தலைகளும் ஆடும். அந்த ஆமோதிப்பை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. தவறான எண்ணத்தை வெளியே கொண்டுவரும் கேள்வியைத் தயாரித்துக்கொண்டு செல்லுங்கள். உங்கள் பாடத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறு விதை பெரிய மரமாகும்போது அந்த எடை முழுவதும் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவர்களும் ‘மண்ணிலிருந்து’ என்பார்கள். மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் நீரிலிருந்தும் உருவானது என்பதை அவர்கள் ஏற்கனவே படித்திருப்பார்கள். ஆனால் அந்தச் சமன்பாட்டையும் கண்முன் நிற்கும் மரத்தையும் அவர்கள் இணைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். இத்தகைய கேள்விக்கு ஒவ்வொருவரையும் தாளில் ஒரு வரி எழுதவைத்து, அறையைச் சுற்றிவந்து படித்துப் பாருங்கள். அன்றைய பாடத்தை எங்கே மீண்டும் தொட வேண்டும் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும்.

கேட்ட பிறகு காத்திருங்கள். தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை 1970களில் ஆராய்ந்த மேரி பட் ரோ, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடி மட்டுமே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அந்த இடைவெளியை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, விடை சொல்லாதிருப்போர் குறைந்தனர், பின்தங்கியவர்களாகக் கருதப்பட்ட குழந்தைகளும் பேசத் தொடங்கினர். வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு மூன்று நொடி மௌனம் மிக நீண்டதாகத் தோன்றும். மனத்திற்குள் எண்ணிக்கொண்டு பழகுவது உதவும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மரத்தைப் பற்றிய கேள்வியை நிச்சயமாகப் பயன்படுத்துவேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். பணியில் இருக்கும் தோழியர் சிலர், இரவு வெகு நேரம் வரை குறிப்பேடுகளைத் திருத்துவதாகவும், மறுநாள் பாடத்திற்குத் தயாராக நேரம் கிடைப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். இதற்கு வழி உண்டா?

பதில் 3

உண்டு. எல்லாவற்றையும் திருத்துவதே கடமை உணர்வு என்று நம்புவது புதிய ஆசிரியர்களை வெகுவாகக் களைப்படையச் செய்கிறது. ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், மற்றொரு பிரிவினருக்குக் கருத்துரை மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. கருத்துரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் அடுத்த பணிகளில் அவர்களது திறனும் உயர்ந்தன. மதிப்பெண்ணைச் சேர்த்துத் தந்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணைக் கண்ட குழந்தை அருகிலுள்ள வரியைப் படிப்பதில்லை என்பது திருத்தும் எவருக்கும் பழக்கமான காட்சி.

ஆகவே எல்லாப் பக்கங்களிலும் சிவப்பு மையைப் பரப்பாமல், வாரத்திற்கு ஒரு பணியைத் தேர்ந்துகொண்டு, மாணவர் அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று ஓரிரு வரிகள் எழுதுங்கள். அதன்படி திருத்தி எழுதுவதற்கு வகுப்பிலேயே நேரமும் ஒதுக்குங்கள். நேரம் ஒதுக்காவிட்டால் நீங்கள் எழுதியது படிக்கப்படாமலே போகும். பலரிடம் ஒரே பிழை காணப்பட்டால், அதைத் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்காமல், மறுநாள் கரும்பலகையில் ஒருமுறை விளக்கிவிடலாம். குறிப்பேடு முழுமையாக இருக்கிறதா என்பதை, மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வரிசைகளுக்கிடையே நடந்து பார்த்துக்கொள்ளலாம்.

பதில் 4

எவரும் குறிப்பிடாத இரண்டைச் சேர்க்கிறேன். மற்றத் தொழிலினரைவிட ஆசிரியர்களுக்குக் குரல் பாதிப்புகள் மிகுதியாக ஏற்படுகின்றன. இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்தாமல், அது அடங்கும்வரை நின்று காத்திருந்து பேசுங்கள். கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதைத் தவிருங்கள். அருகில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மற்றது பெற்றோரைப் பற்றியது. முறையிடுவதற்காகவே முதன்முறை அவர்களைத் தொடர்புகொள்ளும் நிலையை உருவாக்கிக்கொள்ள வேண்டாம். பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்ல, ஆண்டின் தொடக்கத்திலேயே ஒருமுறை பேசியிருந்தால், பின்னர் சிக்கல் வரும்போது அவர்கள் உங்களை நம்பிக் கேட்பார்கள். ஐம்பது பேர் கொண்ட வகுப்பானாலும், வாரத்திற்கு ஐந்து வீடுகள் என்று வைத்துக்கொண்டால் முதல் பருவத்திற்குள் முடித்துவிடலாம்.