டிரேட் ஹப்புக்குத் தமிழ்: மையமா, கணுவா, தலைச்சந்தையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் என்ற கணினி விளையாட்டுக்கு நாம் எழுதப்போகும் தமிழ் வழிகாட்டியில், பல ஊர்களின் வியாபாரம் வந்து சேரும் இடமான ‘டிரேட் ஹப்’புக்கு என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாக வாசித்துக்கொண்டே இருக்கிறேன். ‘வணிக மையம்’ என்றே முடித்துவிடலாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டீர்கள். சொற்பட்டியலில் அது ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவது கஷ்டம், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்வோம். யூரோப்பா யுனிவர்சாலிஸ் நான்காம் பாகத்தில் இருக்கும் ‘டிரேட் நோட்’ வேறு, 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகத்தில் இருக்கும் ‘மார்க்கெட் சென்டர்’ வேறு. விளையாடுகிறவர்கள் பேச்சில் இரண்டுமே ‘டிரேட் ஹப்’தான், இழையிலும் அப்படியே வந்துவிட்டது. ஆனால் வணிகம் நடக்கும் முறையையே அவர்கள் அடியோடு மாற்றியிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், நாம் எழுதப்போகும் தமிழ் வழிகாட்டியைப் படிக்கிற பையன் பழைய விதியை மனதில் வைத்துக்கொண்டு புதிய ஆட்டத்தை ஆடித் தோற்பான்.

நான்காம் பாகத்து முறையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். நாஞ்சில் நாட்டில் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும். மேல்குளம் நிரம்பினால் தண்ணீர் மறுகால் வழியாக அடுத்த குளத்துக்குப் பாயும், அது நிரம்பினால் அதற்கடுத்ததுக்கு. நடுவில் மடையைத் திறந்தவர்கள் தங்கள் வயலுக்கு எடுத்துக்கொள்வார்கள். ஆட்டத்திலும் அதேதான். ஒரு கணுவில், அதாவது டிரேட் நோட்டில், சேரும் வணிக மதிப்பில் அங்கேயே ஈட்டுகிறவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ள, மற்றவர்களின் பங்கு அடுத்த கணுவுக்கு இறங்கும். நம் வணிகரை அங்கே உட்காரவைத்து ‘ஈட்டு’ என்றும் சொல்லலாம், ‘அடுத்ததுக்குத் தள்ளு’ என்றும் சொல்லலாம். இந்தத் தள்ளுவதற்கு ஒருவர் ‘முன்னனுப்புதல்’ என்று போட்டிருந்தார். மின்னஞ்சலை முன்னனுப்புகிற மாதிரி இருக்கிறது. ‘மறுகால் விடுதல்’ என்று வைத்தால் தென்மாவட்டத்துக்காரர்களுக்குச் சொன்ன உடனே படம் தெரியும், மற்றவர்களுக்கு ஒரு வரி விளக்கம் போதும்.

குளத்துத் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. நான்காம் பாகத்தின் குறையும் அதுதான். 1444இல் தொடங்கி 1821 வரை ஆடினாலும் எந்தக் கணுவிலிருந்து எந்தக் கணுவுக்குப் பாயும் என்பது ஆட்டத்தை எழுதும்போதே முடிவான விஷயம். வெனிஸ், ஜெனோவா, ஆங்கிலக் கால்வாய் ஆகிய மூன்றும் கடைமடை, அவற்றிலிருந்து வெளியே எதுவும் போகாது. நீங்கள் விஜயநகரத்தை எடுத்து உலகத்தையே கட்டி ஆண்டாலும் மிளகின் மதிப்பு ஐரோப்பாவை நோக்கித்தான் சரியும். உண்மையில் பணம் எந்தப் பக்கம் போயிற்று? ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று ரோமாபுரியின் எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டிலேயே வருத்தப்பட்டு எழுதிவைத்திருக்கிறார். பொருள் மேற்கே போனது, பொன்னும் வெள்ளியும் கிழக்கே வந்தன. அந்தத் திரும்பு பயணத்துக்கு நான்காம் பாகத்தில் வழியே இல்லை. அந்த நிலையான வலைப்பின்னலுக்கு ‘கணு’ என்ற சொல் சரியாகப் பொருந்துகிறது. கரும்பில் கணு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும், நகராது. ஆகவே நான்காம் பாகத்துக்கு ‘வணிகக் கணு’ இருக்கட்டும். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஐந்தாம் பாகத்துக்கு வருவோம். அங்கே குளமும் இல்லை, கடைமடையும் இல்லை. ஒவ்வொரு ஊரும் ஏதாவது ஒரு சந்தையைச் சேர்ந்தது. அந்தச் சந்தைக்கு நடுவாக ஓர் ஊர் இருக்கிறது. ஒவ்வொரு சந்தையிலும் வரத்தும் தேவையும் பார்த்து விலை ஏறி இறங்குகிறது. ஒரு சந்தைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வணிகர்கள் சரக்கை எந்தத் திசையிலும் கொண்டுபோகலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, எந்த ஊர் எந்தச் சந்தையைச் சேரும் என்பது ஆட்டத்தின் நடுவே மாறும். தூரம், மலை, ஆறு, கடல், சாலை எல்லாம் சேர்ந்துதான் ஓர் ஊருக்குச் சந்தை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. புதிய சந்தையையே உண்டாக்கவும் முடியும்.

இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீடு இரணியலுக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில். அப்பாவுக்குக் கொஞ்சம் வாழை உண்டு, ஏத்தனும் மட்டியும். குலை வெட்டுவதற்கு முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் போனை எடுத்து இரண்டு கமிஷன் கடைக்குப் பேசுவார், ஒன்று வடசேரி, இன்னொன்று மார்த்தாண்டம். “ஏத்தன் என்ன வெல போவுது?” அவ்வளவுதான் கேள்வி. பதிலைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, டெம்போ வாடகையைக் கழித்து, கூட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் ஒரு ரூபாய் கூடுதலோ அந்தப் பக்கம் காலையில் வண்டி திரும்பும். ஓணம் நெருங்கினால் கேரளத்துக்காரர்கள் வந்து வாங்குவதால் மார்த்தாண்டம்தான், கணக்கே போடமாட்டார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது வழியெல்லாம் ரப்பரும் தேக்கும் விழுந்து கிடந்தன. சாய்ந்த வாழையில் முற்றியும் முற்றாமலும் இருந்த குலைகளை வெட்டி, தலைச்சுமையாகக் கொண்டுபோகக்கூடிய தூரத்தில் என்ன சந்தை இருந்ததோ அங்கே கொடுத்தோம், சொன்ன விலைக்கு. அந்த வாரம் எங்கள் தோட்டம் வேறு சந்தையைச் சேர்ந்ததாகிவிட்டது. ஐந்தாம் பாகத்தில் ஒரு வழித்தடம் அறுந்து ஊரின் நிறம் வரைபடத்தில் மாறும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலைச்சுமைதான் ஞாபகம் வருகிறது.

‘வணிக மையம்’ இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது. தேர்வு மையம், சேவை மையம், தடுப்பூசி மையம், பயிற்சி மையம் என்று நாம் அன்றாடம் சொல்லும் மையங்கள் எல்லாம் யாரோ ஒருவர் திறந்துவைத்துப் பலகை மாட்டியவை. மக்கள் அங்கே போவார்கள், ஏனென்றால் போகச் சொல்லியிருக்கிறது. சந்தைக்கு யாரும் போகச் சொல்லவில்லை. விலை நன்றாக இருக்கிறது என்று போகிறார்கள், கூட்டம் சேருகிறது, கூட்டம் இருப்பதாலேயே இன்னும் கூட்டம் வருகிறது. திங்களன்று கூடியதால் திங்கள்சந்தை என்று ஊருக்கே பெயராகிவிட்டது. பஸ் பலகையில் ‘மண்டே மார்க்கெட்’ என்று போட்டாலும் ஏறுகிறவர்கள் அந்தப் பெயரைத்தான் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். ஊரையே உண்டாக்கக்கூடிய சொல் நம் கையில் இருக்கும்போது ‘மையம்’ எதற்கு?

ஆகவே என் முன்மொழிவு: மார்க்கெட் என்றால் சந்தை, மார்க்கெட் சென்டர் என்றால் தலைச்சந்தை. தலைநகர், தலைமடை, தலைவாசல் மாதிரி. ஒரு சந்தையைச் சேர்ந்த ஊர்களின் மொத்தப் பரப்புக்கு ‘சந்தைப்பிடிப்பு’. அணைக்கட்டுக்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோமே, அந்த வார்ப்பு. பேச்சிப்பாறைக்கு மழை எந்த மலையில் பெய்தால் தண்ணீர் வரும் என்பது நீர்ப்பிடிப்பு, தலைச்சந்தைக்கு எந்த ஊர்ச் சரக்கு வரும் என்பது சந்தைப்பிடிப்பு. “இந்த ஊர் கோட்டாற்றுச் சந்தைப்பிடிப்பிலிருந்து கொல்லத்துச் சந்தைப்பிடிப்புக்கு மாறிவிட்டது” என்று ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள், தடுக்காமல் ஓடுகிறது. ‘வணிக மைய எல்லைக்குட்பட்ட பகுதி’ என்று நமது தற்போதைய வரைவில் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சென்னையிலிருந்து எழுதும் அக்கா ‘பட்டினம்’ என்று சொல்லியிருந்தார். சொல் அழகு, வரலாறும் அதன் பக்கம் இருக்கிறது. ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் காவலோடு நடத்திய ஊர்களைக் கல்வெட்டுகள் எறிவீரபட்டினம் என்கின்றன, அவை உள்நாட்டிலும் இருந்தன. ஆனால் இன்றைக்குப் பட்டினம் என்றால் காதில் கடல்தான் கேட்கிறது. தேங்காய்ப்பட்டினம், குலசேகரப்பட்டினம், நாகப்பட்டினம். டில்லியைப் பட்டினம் என்றால் படிப்பவர் ஒரு நொடி தயங்குவார். தவிர, ஊர்களைப் படிவாரியாகச் சொல்ல நமக்குச் சிற்றூர், பேரூர், நகரம் என்ற வரிசை வேண்டியிருக்கிறது, பட்டினத்தை அங்கே வைத்துக்கொள்வது நல்லது. (சோழர் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்பதே வணிகர் ஊரையும் வணிகர் சபையையும் குறித்த சொல். அதை மீட்டுவிடலாமா என்று எனக்கும் ஆசைதான், ஆனால் ஆயிரம் ஆண்டு கழித்து அந்தச் சொல்லைத் திரும்ப இழுத்துவர ஒரு விளையாட்டு வழிகாட்டியால் முடியாது.)

‘பேட்டை’ பற்றி நெல்லை நண்பர் எழுதியது பாதி சரி. வண்டிகள் சரக்கு இறக்கிப் போட்டு வியாபாரம் பேசுகிற இடம் பேட்டை. ஆனால் அது ஊரின் ஒரு பகுதிதான், இரண்டு மூன்று மாகாணங்களை இழுக்கிற பெரிய சந்தைக்குச் சிறியதாகிவிடுகிறது. ஆட்டத்தில் சந்தைக்கான கட்டடங்கள் வரும் இடத்தில் பேட்டையைப் பயன்படுத்தலாம், எனக்கு முழுச் சம்மதம்.

வந்த மறுப்புகளில் வலுவானது ஒன்று.

> சந்தை என்றால் வாரச்சந்தை, இல்லாவிட்டால் பங்குச்சந்தை. உலக வணிகத்தின் கம்பீரம் அதில் வரவில்லை.

கம்பீரம் சொல்லில் தானாக வராது, அது எதைத் தாங்குகிறது என்பதில் வரும். காய்கறி விற்கிற இடத்துக்கும் கோடிக்கணக்கில் பங்கு கைமாறுகிற இடத்துக்கும் தமிழர்கள் ஒரே சொல்லைத் தயங்காமல் சொல்கிறார்கள். அதைவிட அகலமான சொல் நமக்கு எங்கே கிடைக்கும்?

சொல் தாங்குமா என்று பார்க்க ஒரு சோதனையும் செய்து பார்த்தேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து வரலாற்றையே எடுத்துக்கொண்டேன். டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்து மலபார் மிளகைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்டவர்மா வடக்கே மிளகு விளையும் நாடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போக, அவர்கள் குளச்சலில் படையை இறக்கினார்கள். 1741இல் அங்கே தோற்றார்கள், படைத்தலைவர் டிலனாய் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது. போரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அரசர் மிளகை அரசுடைமை வியாபாரமாக்கியது. விளைவித்தவர்கள் அரசின் பண்டகசாலைக்குத்தான் கொடுக்க வேண்டும், வெளிநாட்டார் அங்கே வந்துதான் வாங்க வேண்டும்.

இதை ‘வணிக மையம்’ வைத்து எழுதினால், “கொச்சி வணிக மையத்தின் செல்வாக்கு குறைந்தது” என்று வரும். ஏன் குறைந்தது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. “கொச்சித் தலைச்சந்தையின் பிடிப்பிலிருந்து தெற்கே இருந்த மிளகு ஊர்கள் விலகின” என்று எழுதினால், எது நகர்ந்தது, எங்கிருந்து நகர்ந்தது என்பது உடனே தெரிகிறது. ஆட்டத்திலும் விளையாடுகிறவர் செய்ய வேண்டியது அதுதான். கொச்சியைத் தாக்கிப் பிடிப்பது ஒரு வழி, ஊர்களைத் தன் சந்தைப் பக்கம் திருப்புவது இன்னொரு வழி. இரண்டாவது வழி இருக்கிறது என்பதையே சொல் கற்றுக்கொடுத்துவிடுகிறது. ‘தலைச்சந்தை’க்காக நான் இவ்வளவு பேசுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மீதிச் சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சந்தை ஊர்களைத் தன் பக்கம் இழுக்கும் வலுவான மார்க்கெட் அட்ராக்‌ஷனுக்கு ‘சந்தை ஈர்ப்பு’, இதில் எல்லோரும் ஒத்துப்போகிறோம். டிரேட் கெப்பாசிட்டிக்கு ‘சாத்துத்திறன்’ என்று ஒருவர் போட்டிருக்கிறார். சாத்து என்பது வணிகக் கூட்டத்துக்குப் பழைய சொல், மாசாத்துவான் என்ற பெயரிலேயே இருக்கிறது, தெரியும். ஆனால் இன்றைக்குச் சாத்து என்றால் கதவைச் சாத்துவது, கடையைச் சாத்துவது. வியாபாரத்தைப் பெருக்கும் திறனுக்குக் கடையை மூடுகிற சொல் வேண்டாம். ‘சுமைத்திறன்’ போதும், எத்தனை சுமை சரக்கு நகர்த்த முடியும் என்பதுதானே பொருள்.

எனக்கு இன்னும் பிடிபடாதது மார்க்கெட் ஆக்சஸ், அதாவது ஓர் ஊரிலிருந்து சந்தைக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு எளிது என்ற அளவு. ‘அணுகல்’ கணினி உலகத்துச் சொல், உண்டு இல்லை என்று இரண்டே நிலையாகக் கேட்கிறது, இங்கே நூற்றுக்கு இவ்வளவு என்று அளவு வருகிறது. ‘சந்தை எட்டு’ என்று முதலில் நானே நினைத்தேன், எழுதிப் பார்த்தால் எட்டாம் நம்பர் சந்தை மாதிரி இருக்கிறது. ‘எட்டம்’ என்று நீட்டினால் அகராதியில் அதற்குத் தூரம் என்று பொருள், தலைகீழாகிவிடும். ‘நெருக்கம்’ கூட்ட நெரிசலைச் சொல்கிறது. ‘சந்தை அணுக்கம்’ ஓரளவு பொருந்துகிறது, “அணுக்கம் நூற்றுக்கு அறுபது” என்று சொல்லவும் முடிகிறது, ஆனால் வாயில் அவ்வளவாக ஒட்டவில்லை. அப்பாவிடம் கேட்டேன், சந்தை பக்கத்தில் இருந்தும் போக முடியாமல் இருப்பதை என்ன சொல்வீர்கள் என்று. “வழி ஒக்காது” என்றார். ஒத்துவராது என்று அர்த்தம். அதிலிருந்து ‘வழியொப்பு’ என்று ஒன்று செய்து பார்த்தேன். தூரம் மட்டுமில்லாமல் மலை, ஆறு, சாலை எல்லாவற்றையும் அது சேர்த்துப் பிடிக்கிறது. “இந்த ஊரின் வழியொப்பு அறுபது, பாலம் கட்டினால் எழுபதாகும்.” கொங்குப் பக்கமும் தஞ்சைப் பக்கமும் இருப்பவர்கள் இதைக் கேட்டால் பொருள் புரிகிறதா என்று சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அணுக்கத்தையே வைத்துக்கொள்கிறேன்.

பட்டியலில் நான்காம் பாகத்துக்கும் ஐந்தாம் பாகத்துக்கும் தனித்தனி பத்தி திறந்திருக்கிறேன். வணிக மையம் என்று இருந்த பதினான்கு இடங்களையும் இன்னும் அழிக்கவில்லை, பக்கத்தில் தலைச்சந்தை என்று பச்சை நிறத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியமாகச் சத்தமாகப் படித்துப் பார்த்து, எங்கே உறுத்துகிறதோ அந்த இடத்தின் எண்ணை மட்டும் இங்கே எழுதுங்கள்.