மேக் மினி வெளி ஹார்ட் டிஸ்கிலிருந்து பூட் ஆகவில்லை, அவசர உதவி தேவை

கோத்தகிரி_கேமரா | திங்கள், காலை 6:50
வணக்கம். என்னிடம் ஒரு மேக் மினி இருக்கிறது. பத்து நாளாக ஆன் செய்தால் ஆப்பிள் படம் வருகிறது, கீழே கோடு பாதி வரை நகர்கிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. எப்போதாவது ஒரு முறை முழுதாகத் திறக்கும். அப்படித் திறந்த ஒரு நாளில், புதிதாக வாங்கிய ஹார்ட் டிஸ்கில் உள்ளே இருந்ததை எல்லாம் காப்பி செய்து வைத்தேன். இப்போது அந்த டிஸ்கிலிருந்து பூட் செய்ய, அதாவது அதை வைத்தே மினியைத் திறக்கப் பார்த்தால் டிஸ்கே காட்டவில்லை. பேரகணி ஹெத்தையம்மன் பண்டிகையில் எடுத்த வீடியோ முழுவதும் இதில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்களிடம் கொடுக்க வேண்டும். கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக நேரமில்லை. சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

சில்வர்_ஓக் | திங்கள், காலை 7:15
பதற்றம் புரிகிறது தம்பி. ஆனால் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்த வருஷ மாடல்? உள்ளே எந்த மேக்ஓஎஸ்? டிஸ்க் எந்த வகை, நேராகச் சொருகியிருக்கிறீர்களா, ஹப் வழியாகவா? என்ன கீபோர்டு, ஆன் செய்யும்போது எந்தக் கீயை அழுத்துகிறீர்கள்? வருஷம் முக்கியம், ஏனென்றால் வழியே மாறிவிடும். 2018 மாடலில் டி2 என்ற பாதுகாப்புச் சிப் இருக்கிறது. வெளி டிஸ்கில் பூட் ஆவதை அது முதலிலேயே தடுத்து வைத்திருக்கும், ரிக்கவரி என்ற பழுதுபார்க்கும் திரைக்குள் போய் அனுமதி கொடுக்க வேண்டும். 2020இல் வந்த எம்1 சிப் மாடல் என்றால் பவர் பட்டனையே அழுத்திப் பிடிக்க வேண்டும். அதில் உள்ளே இருக்கும் சேமிப்பு செத்துவிட்டால் வெளி டிஸ்க் எத்தனை நன்றாக இருந்தாலும் பூட் ஆகாது.

கொடை_மூடுபனி | திங்கள், காலை 7:40
அண்ணா, இது குளிர்தான். ஜனவரியில் எங்கள் கொடைக்கானலிலும் இதே கதை. பல ஹார்ட் டிஸ்குகளுக்கு 5 டிகிரிக்குக் கீழே வேலை கிடையாது. நீங்கள் காலை ஏழு மணிக்கு முன்னால் ஆன் செய்து பார்த்திருக்கிறீர்கள். போன வாரம் என் டிஸ்கை ஜீப்பிலிருந்து எடுத்து அறைக்குள் கொண்டுவந்தேன். அதன் அலுமினிய மூடியில் என் கட்டைவிரல் ரேகை பதிகிற அளவுக்கு ஈரம் பூத்துவிட்டது. துடைத்துவிட்டு இரண்டு மணி நேரம் அப்படியே வைத்தேன், பிறகுதான் சொருகினேன். நீங்களும் மதியம் முயற்சி செய்யுங்கள்.

வெலிங்டன்_வாசி | திங்கள், காலை 8:05
வோல்டேஜைப் பாருங்கள் சார். மலையில் பாதிக் கோளாறுக்குக் கரண்ட்தான் காரணம். என் வீட்டில் ராத்திரி ஹீட்டர் போட்டால் டியூப் லைட் மங்கும். ஒரு யூபிஎஸ் வாங்கி வையுங்கள்.

லினக்ஸ்_வழி | திங்கள், காலை 8:20
பென் டிரைவில் லினக்ஸ் போட்டு பூட் செய்யுங்கள். பழைய மினியில் அருமையாக ஓடும்.

கோத்தகிரி_கேமரா | திங்கள், மதியம் 1:30
எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில்: 2014 மாடல். மேக்ஓஎஸ் மான்டரே போட்டிருக்கிறேன். டிஸ்க் 1 டிபி, சின்னது, தனி அடாப்டர் இல்லாதது. ஹப்பில் சொருகியிருக்கிறேன். கீபோர்டு என் பையனுடைய விண்டோஸ் கீபோர்டு, பழையது உடைந்துவிட்டது. ஆப்ஷன் கீயை அழுத்தச் சொல்கிறார்கள், இதில் ஆப்ஷன் என்று எதுவும் இல்லையே? குளிர் பற்றிச் சொன்ன நண்பருக்கு: இப்போது மதியம், நல்ல வெயில், அப்படியேதான் இருக்கிறது. லினக்ஸில் என் எடிட்டிங் மென்பொருள் ஓடாது.

பழைய_மேக் | திங்கள், மதியம் 2:10
இதை எத்தனை முறை எழுதியாகிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும். சரி, கடைசி முறையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

விண்டோஸ் கீபோர்டில் ஆல்ட் கீதான் ஆப்ஷன். விண்டோஸ் கீதான் கமாண்ட். இதுகூடத் தெரியாமல் மேக் வைத்திருக்கக் கூடாது. ஹப்பைக் கழற்றிவிட்டு டிஸ்கை மினியின் பின்னால் நேராகச் சொருகுங்கள். யூஎஸ்பி 3.0 போர்ட் 900 மில்லிஆம்பியர் தரும். தனி மின்சாரம் இல்லாத ஹப் அதையே நாலைந்து பொருளுக்குப் பங்கு போடும். ஆன் செய்து மணி ஒலித்ததும் ஆல்ட்டைப் பிடியுங்கள், டிஸ்குகளின் வரிசை வரும்.

ஆனால் உங்கள் டிஸ்க் அதில் வராது. நீங்கள் செய்தது காப்பி. காப்பி செய்த டிஸ்க் பூட் டிஸ்க் ஆகாது. 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ்ஸிலிருந்து சிஸ்டம் தனி வால்யூமில் (டிஸ்கின் தனிப் பகுதியில்), எழுத முடியாதபடி இருக்கிறது. 2020இல் பிக் சர் வந்தபோது அதற்கு முத்திரையே வைத்துவிட்டார்கள். ஃபைண்டரில் இழுத்துப் போட்டால் உங்கள் கோப்புகள் வரும், சிஸ்டம் வராது. வெளி டிஸ்கில் மேக்ஓஎஸ்ஸைப் புதிதாக இன்ஸ்டால் செய்வதுதான் நம்பகமான வழி.

கோத்தகிரி_கேமரா | திங்கள், மாலை 4:45
ஆல்ட் வேலை செய்தது! நீங்கள் சொன்னபடியே உள் டிஸ்க் மட்டும்தான் தெரிந்தது. பிறகு விண்டோஸ் கீயையும் ஆர் (R) கீயையும் பிடித்து ரிக்கவரிக்குள் போனேன். இன்ஸ்டால் கொடுத்தால் வெளி டிஸ்கைக் காட்டுகிறது, ஆனால் இதில் போட முடியாது என்கிறது. டிஸ்க் கெட்டதா? கடையில் மாற்றித் தருவார்களா?

ஊட்டி_மெயின்_பஜார் | திங்கள், மாலை 5:00
டிஸ்க் நல்ல டிஸ்க்தான் சார், மாற்ற வேண்டாம். கடையில் வாங்கும் டிஸ்குகளில் பல, மாஸ்டர் பூட் ரெக்கார்டு (எம்பிஆர்) என்ற பழைய பகுதி பிரிப்பு முறையில்தான் வரும். மேக் அதில் ஃபைல் வைத்துக்கொள்ளும், ஓஎஸ் போட விடாது. ஜியூஐடி பார்டிஷன் மேப் என்ற புது முறைக்கு மாற்ற வேண்டும். டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்தால் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் வால்யூமின் பெயர் மட்டும்தான் தெரியும். மேலே வியூவில் போய் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான் பெயருக்கு மேலே, கம்பெனி பெயரோடு டிஸ்க் தெரியும். அந்த மேல் வரியைத் தொட்டு இரேஸ் கொடுத்தால் ஃபார்மேட்டுக்குக் கீழே ஸ்கீம் என்று இன்னொரு கட்டம் வரும். ஃபார்மேட் ஏபிஎஃப்எஸ், ஸ்கீம் ஜியூஐடி. கீழ் வரியைத் தொட்டு இரேஸ் கொடுத்தால் அந்தக் கட்டம் வராது, நூறு முறை அழித்தாலும் எம்பிஆர் அப்படியே இருக்கும்.

சில்வர்_ஓக் | திங்கள், மாலை 5:06
நில்லுங்கள்! தம்பி, இரேஸ் கொடுக்க வேண்டாம். பேரகணி வீடியோவைக் காப்பி செய்து வைத்திருப்பதே இந்த வெளி டிஸ்கில்தானே? ஸ்கீம் மாற்றினால் அதில் உள்ளது எல்லாம் போய்விடும். உள் டிஸ்க் சாகக் கிடக்கிறது. கேமரா கார்டுகளில் அந்த வீடியோ இன்னும் இருக்கிறதா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஊட்டி_மெயின்_பஜார் | திங்கள், மாலை 5:12
அக்கா சொல்வது சரி. நான் காப்பி விஷயத்தைக் கவனிக்கவில்லை, மன்னிக்கவும். சார், கை வைக்காதீர்கள்.

சில்வர்_ஓக் | திங்கள், இரவு 8:40
தம்பி? பார்த்தீர்களா?

கொடை_மூடுபனி | திங்கள், இரவு 9:15
கோத்தகிரிப் பக்கம் கரண்ட் இல்லை என்று என் மாமா சொன்னார். ஒருவேளை அதுவாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல நினைத்தேன். குளிர் இல்லையென்றால் உயரம். ஹார்ட் டிஸ்குக்குள் தலை காற்றில் மிதந்துதான் படிக்கிறது. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, தலை தாழ்ந்து தட்டைத் தொடும். மலையில் டிஸ்க் சீக்கிரம் சாவதற்கு இதுதான் காரணம் என்று எனக்கு நீண்ட நாள் சந்தேகம்.

பழைய_மேக் | திங்கள், இரவு 9:40
தவறு. சாதாரண டிஸ்குகளை 3,048 மீட்டர், அதாவது பத்தாயிரம் அடி வரை ஓடும்படி செய்கிறார்கள். தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். கோத்தகிரி 1,800ஐ ஒட்டி, உங்கள் கொடைக்கானல் 2,100ஐ ஒட்டி. அடிப்படை தெரியாமல் பயமுறுத்தக் கூடாது.

கொடை_மூடுபனி | திங்கள், இரவு 9:55
நான் பயமுறுத்தவில்லை. காற்றில் மிதக்கிறது என்பது உண்மையா இல்லையா?

ஊட்டி_மெயின்_பஜார் | திங்கள், இரவு 10:10
மிதப்பது உண்மை தம்பி. அதனால்தான் டிஸ்கின் மேல் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும், இதை மூடாதே என்று பக்கத்தில் எழுதியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் ஒன்றாக இருக்க அது வேண்டும். ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்குகளுக்கு அந்தத் துளை கிடையாது, மொத்தமாக மூடியிருக்கும். என் கடைக்கு வரும் டிஸ்குகளில் நான் பார்ப்பது வேறு. மேஜையிலிருந்து விழுந்தது, ஓடும்போதே பிடுங்கியது, மழைக்காலத்தில் பையிலேயே கிடந்து கனெக்டர் பச்சை பூத்தது. உயரத்தால் செத்தது என்று ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

வெலிங்டன்_வாசி | திங்கள், இரவு 10:20
வோல்டேஜை விட்டுவிட்டீர்கள்.

கொடை_மூடுபனி | திங்கள், இரவு 10:32
துளை விஷயம் எனக்குப் புதிது. ஆனால் குளிரையும் ஈரத்தையும் நான் விடமாட்டேன். ஊட்டிக்காரர்கள் உறைபனியையே ஒரு பொருட்டாக நினைப்பதில்லை.

சில்வர்_ஓக் | திங்கள், இரவு 10:45
ஈரம் பற்றி நீங்கள் முதலில் எழுதியது நல்ல ஆலோசனை, அதை யாரும் மறுக்கவில்லை. வாக்குவாதம் போதுமே. அந்தத் தம்பி திரும்பி வந்தால் படிக்க வேண்டியதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

தம்பி, வெளி டிஸ்கைக் கழற்றி ஏதாவது ஒரு லேப்டாப்பில் சொருகுங்கள். எம்பிஆர் என்பதால் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டாக இருக்கும், விண்டோஸிலும் திறக்கும். பண்டிகை வீடியோவை இன்னொரு இடத்தில் காப்பி எடுங்கள். அதோடு நிற்காமல் நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று சில கிளிப்புகளை ஓட்டிப் பாருங்கள். சாகும் டிஸ்கிலிருந்து எடுத்த காப்பியில் பாதிக் கோப்பு வெறும் பெயராக மட்டும் வந்திருப்பதை நான் என் வீட்டுக் கல்யாண வீடியோவில் பார்த்து அழுதிருக்கிறேன். இது முடிகிற வரை உள் டிஸ்கை ஆன் செய்து ஆன் செய்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அதன் ஆயுள்தான் குறைகிறது.

முடிந்தால் பூட் செய்ய ஒரு எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாத டிஸ்க், தனியாக வாங்குங்கள். சுற்றும் டிஸ்கில் மான்டரே திறக்கும், ஆனால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருக்க வேண்டும். 2014 மினியில் உள்ளே இருப்பது நிமிஷத்துக்கு 5,400 சுற்று, யூஎஸ்பி 3.0இல் போட்ட எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு வேகம். இன்ஸ்டாலர் 12 ஜிபி வரும், செல்போன் டேட்டாவில் இறக்காதீர்கள்.

ஊட்டி_மெயின்_பஜார் | செவ்வாய், காலை 9:30
மான்டரே இன்ஸ்டாலர் என்னிடம் பென் டிரைவில் தயாராக இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து 30 கிலோமீட்டர்தானே, பஸ்ஸில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காசு வேண்டாம். சாமி காரியம்.

சில்வர்_ஓக் | புதன், காலை 7:00
இன்னும் பதில் இல்லை. நேற்று முழுவதும் இதே நினைப்பு.

கோத்தகிரி_கேமரா | புதன், இரவு 11:20
மன்னிக்கவும், இரண்டு நாளாகக் கரண்டும் நெட்டும் சரியாக இல்லை. அக்கா, திங்கட்கிழமை இரேஸ் பட்டன் வரை போய்விட்டேன், அப்போதுதான் கரண்ட் போனது. போனில் பார்த்தால் உங்கள் பதிவு. கார்டுகளை நான் முன்பே அழித்துவிட்டேன். அந்தக் காப்பி ஒன்றுதான் இருந்தது. மச்சான் லேப்டாப்பில் எடுத்துவிட்டேன், 214 கிளிப்பில் 3 திறக்கவில்லை, மற்றது எல்லாம் ஓடுகிறது. வெள்ளை உடுத்தி ஊர் முழுவதும் நடந்து வருவது முழுசாக இருக்கிறது. ஊட்டி அண்ணாவிடம் பென் டிரைவ் வாங்கி, 500 ஜிபி எஸ்எஸ்டியில் ஜியூஐடி மாற்றிப் போட்டேன். பூட் ஆகிவிட்டது. எடிட்டிங்கில் உட்காருகிறேன்.

பழைய_மேக் | வியாழன், காலை 6:30
நல்லது. ஒவ்வொரு முறையும் ஆல்ட் பிடிக்க வேண்டாம். சிஸ்டம் பிரிஃபரன்சஸில் ஸ்டார்ட்அப் டிஸ்க் என்று இருக்கும், அதில் எஸ்எஸ்டியைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். கேபிள் ஆடினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும், மினிக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். பழைய உள் டிஸ்கை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். அந்த 3 கிளிப் அதில் இன்னும் இருக்கலாம், வெள்ளிக்கிழமை வேலையை முடித்துவிட்டு வாருங்கள், பார்ப்போம்.