பண்பாட்டுச் சமூகவியல் படித்தவர்களே, எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?

பின்வரிசை:
முதுகலை இரண்டாம் ஆண்டு. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் உங்களுடையது.

போன செமஸ்டரில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவின் ‘பண்பாட்டு மூலதனம்’ பற்றி ஒரு சிறு ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. பணமும் நிலமும் மட்டும் சொத்தல்ல. எதை ரசிப்பது, எதைப் பற்றி எப்படிப் பேசுவது என்று சின்ன வயதிலிருந்தே உடம்போடு ஊறிப்போன பழக்கமும் சொத்துதான், பள்ளிக்கூடம் அதற்குச் சத்தமில்லாமல் மதிப்பெண் போடுகிறது என்பது அவர் வாதம். 1960-களில் பிரான்சில் 1,217 பேரிடம் எந்த இசை பிடிக்கும், எதைப் படமெடுத்தால் அழகாக வரும் என்றெல்லாம் கேட்டு, 1979-ல் அதைப் பெரிய நூலாக்கினார். நான் பேசியது பத்தே பேரிடம், அதுவும் இசையைப் பற்றி மட்டும்.

அதில் ஒருவர் எங்கள் கட்டடத்தில் காவல் வேலை பார்க்கும் அம்மா. கேள்வியை முடிப்பதற்குள் “எனக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்” என்றார். பேட்டி 9 நிமிடத்தில் முடிந்தது. இன்னொருவர் வேறு துறைப் பேராசிரியர். அவரோடு 47 நிமிடம். “காவலாளிக்கு இசையில் ஈடுபாடு குறைவு” என்று எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். நெறியாளர் படித்துவிட்டு, இரண்டு ஒலிப்பதிவையும் சொல்லுக்குச் சொல் எழுதி வா என்றார். “உன்னுடைய ‘ம்’ உட்பட.”

எழுதும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. பேராசிரியர் ஒரு பெயரைச் சொன்னால் போதும், “எப்போ சார் முதல்ல கேட்டீங்க? அதுல என்ன பிடிச்சது?” என்று துருவியிருக்கிறேன். அந்த அம்மாவும் ஒரு பாடகர் பெயரைச் சொல்லியிருக்கிறார். நான் “ம்” என்றுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். இன்னும் இரண்டு இடங்களில் அதே “ம்”. அவருக்கு ஈடுபாடு இல்லை என்பது என் கண்டுபிடிப்பு அல்ல, என் கைவேலை.

குறிப்பேடு:
எனக்கு மாட்டியது நூலகத்தில். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததை எழுத வேண்டும், அதுதான் முதல் களப்பணி. நாற்பது வரி தேற்றுவதற்குள் தூக்கம் வந்துவிட்டது. அதில் ஒரு வரி: “ஒருவர் நாற்காலியில் பையை வைத்துவிட்டு வெளியே போனார்.” ஆசிரியர் அதைச் சுழித்து, “எவ்வளவு நேரம்? யாராவது உட்கார்ந்தார்களா? ஏன் உட்காரவில்லை?” என்று எழுதியிருந்தார்.

மறுபடி போய்ப் பார்த்தேன். திறந்து வைத்த புத்தகத்துக்குப் பக்கத்தில் மூடி கழற்றிய பேனா இருந்தால் ஆள் வராமலே ஒரு மணி நேரம் ஓடியது. வெறும் தண்ணீர் பாட்டிலுக்கு அந்த மரியாதை இல்லை. இடம் தேடி வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அதை நகர்த்தினார்கள். கேட்காமல் நகர்த்தியவரை நான் பார்க்கவே இல்லை. ஒரு அறிவிப்புப் பலகைகூடக் கிடையாது, ஆனாலும் எல்லோருக்கும் சட்டம் தெரிந்திருக்கிறது. இப்படி இடம் பிடித்து வைக்கும் பொருள்களைப் பற்றி சமூகவியலாளர் கோஃப்மன் 1971-லேயே விரிவாக எழுதியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. முதலிலேயே படித்திருந்தால் பேனா மூடியைக் கவனித்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

வாடகைக்காரி:
அமெரிக்கச் சமூகவியலாளர் கார்ஃபிங்கல் தன் மாணவர்களுக்குக் கொடுத்த வேலை ஞாபகம் இருக்கிறதா? சொந்த வீட்டிலேயே வாடகைக்குத் தங்கியவர் மாதிரி கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை நடந்துகொள்ள வேண்டும். மரியாதையாக, கேட்டால் மட்டும் பேசி. 1967-ல் வந்த அவர் நூலில் இருக்கிறது. அதைப் படித்த ஜோரில், யாரிடமும் சொல்லாமல் நானும் செய்து பார்த்தேன். (செய்யாதீர்கள். எங்கள் துறையில் இதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்று அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

“நான் இங்கே உட்காரலாமா?” என்று கேட்டேன். அம்மா சிரித்தார். “தண்ணீர் எடுத்துக்கொள்ளலாமா?” சிரிப்பு நின்றது. எட்டாவது நிமிடம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பன்னிரண்டாவது நிமிடம், “யார் உன்னை என்ன சொன்னது?” என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கார்ஃபிங்கலின் மாணவர்களிடமும் வீட்டார் உடம்பு சரியில்லையா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் அது வேடிக்கையாக இருந்தது.

புள்ளியியல் பக்கம்:
எனக்குச் சொல்லிக்கொள்ளும்படி அனுபவம் இல்லை, நான் தரவுத் தாளை விட்டு வெளியே வராத ஆள். பின்வரிசைக்கு ஒரு கேள்வி மட்டும். அந்தப் பேராசிரியர் “நான் எல்லாப் பாட்டும் கேட்பேன்” என்று சொன்னாரா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. படித்தவர்கள் உயர்ந்த இசையை மட்டும் கேட்கிறார்கள் என்ற பழைய படம் அமெரிக்கத் தரவில் அப்படியே பொருந்தவில்லை. மேல்தட்டினர் பலவகை இசையும் கேட்கிறார்கள் என்று 1990-களில் சமூகவியலாளர் பீட்டர்சன் காட்டினார். அவர்களுக்கு ‘அனைத்துண்ணிகள்’ என்று பெயரும் வைத்தார். சரி, அப்படியானால் தட்டுகளுக்கு நடுவில் இருந்த சுவர் இடிந்துவிட்டதா? 1996-ல் பிரைசன் என்ற இன்னொரு சமூகவியலாளர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: எது பிடிக்கும் என்பதை விடுங்கள், எது பிடிக்காது? கல்வி கூடக்கூட, பிடிக்காத வகைகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தத் தாராளமானவர்களும் ஒதுக்கி வைத்தது, குறைவாகப் படித்தவர்கள் அதிகம் விரும்பும் வகைகளை. உங்கள் பதிவில் ‘தவிர’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

பின்வரிசை:
தேடினேன். 31-வது நிமிடத்தில் இருக்கிறது. “எல்லாமே கேட்பேன் தம்பி, இந்த…” என்று தொடங்கி, “…மாதிரி ஆட்களைத் தவிர” என்று முடிக்கிறார். நடுவில் அவர் சொன்ன பெயர், அந்த அம்மா என்னிடம் சொன்ன அதே பாடகர்.

அடுத்த வரியில் அடைப்புக்குறிக்குள் ‘இருவரும் சிரிக்கிறார்கள்’ என்று நானேதான் எழுதி வைத்திருக்கிறேன்.