‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’ என்பது ஆங்கிலத்தில் ஏன் நிகழ்காலம் ஆகிறது?

பெரம்பூர் அம்மா:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலவழிக்கு மாறியவள். இப்போது அவர்களுக்கு ‘சிம்பிள் பிரசன்ட் டென்ஸ்’ பாடம் நடக்கிறது. ‘சூரியன் கிழக்கில் உதிக்கும்’ என்ற வாக்கியத்தை அவள் ‘தி சன் வில் ரைஸ் இன் தி ஈஸ்ட்’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியர் அதை அடித்துவிட்டு ‘தி சன் ரைஸஸ் இன் தி ஈஸ்ட்’ என்று திருத்தியிருந்தார். “உதிக்கும் என்றால் எதிர்காலம்தானே அம்மா, பிறகு ஏன் நிகழ்காலத்தில் எழுத வேண்டும்?” என்று கேட்கிறாள். விதியை அப்படியே மனப்பாடம் செய்துகொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு ஐயமும் உண்டு. ‘அப்பா அம்பத்தூரில் வேலை செய்கிறார்’ என்பதற்கு ‘இஸ் வொர்க்கிங்’ என்று எழுதுவதா, ‘வொர்க்ஸ்’ என்று எழுதுவதா? வினைச்சொல்லின் கடைசியில் சேரும் அந்த ‘எஸ்’ சில வாக்கியங்களில் வருகிறது, ‘டஸ் நாட்’ வந்தால் காணாமல் போகிறது. இதைக் குழந்தைக்குக் காரணத்தோடு விளக்க ஒரு வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மயிலாப்பூர்:

உங்கள் மகள் தமிழைச் சரியாகக் கவனித்ததால்தான் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது, அம்மா. அவளைப் பாராட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தமிழில் ‘பெய்யும்’, ‘வருவார்’ போன்ற வடிவங்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. ‘நாளை மழை பெய்யும்’ என்றால் இனி நடக்கப்போவதைச் சொல்கிறோம். ‘ஐப்பசியில் சென்னையில் மழை பெய்யும்’ என்றால் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவத்தில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறோம். வடிவம் ஒன்றாக இருந்தாலும் நம் காதுக்கு வேறுபாடு தெரிந்துவிடுகிறது. ஆங்கிலமோ இந்த இரண்டையும் வடிவத்திலேயே பிரித்துவிடுகிறது. முதலாவதற்கு ‘இட் வில் ரெயின் டுமாரோ’, இரண்டாவதற்கு ‘இட் ரெயின்ஸ் இன் நவம்பர்’. சூரியன் உதிப்பது நாளைக்கு மட்டும் நடக்கப்போகும் செய்தி அல்ல. நேற்றும் உதித்தது, என்றும் உதிக்கும். ஆகவே அங்கே ‘வில்’ வேண்டியதில்லை. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதும் இப்படித்தான்: ‘வாட்டர் பாய்ல்ஸ் அட் 100 டிகிரீஸ்’. (கடல்மட்டத்தில் இருக்கும் நம் ஊருக்கு இது பொருந்தும். உதகமண்டலத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதற்கு முன்பே கொதித்துவிடும்.)

குழந்தைக்கு ஒரு சோதனையைச் சொல்லிக்கொடுங்கள். தமிழ் வாக்கியத்தில் ‘வழக்கமாக’ அல்லது ‘எப்போதும்’ என்ற சொல்லைச் சேர்த்துப் பார்க்கட்டும். பொருள் மாறாமல் இருந்தால் ‘சிம்பிள் பிரசன்ட்’. ‘இந்த நிமிடத்தில்’ என்று சேர்த்தால்தான் பொருந்துகிறது என்றால் ‘இஸ்’ஸும் ‘இங்’கும் வேண்டும். உங்கள் கணவரின் வேலை வழக்கமானது, எனவே ‘மை ஃபாதர் வொர்க்ஸ் இன் அம்பத்தூர்’ என்பதே பொருத்தம். ஆனால் ‘இஸ் வொர்க்கிங்’ எப்போதும் தவறு என்று அவள் மனத்தில் பதிய விடாதீர்கள். வேறோர் இடத்தில் வேலை செய்பவரைச் சில மாதங்களுக்கு மட்டும் அம்பத்தூருக்கு அனுப்பியிருந்தால் அந்த வடிவமே சரி.

தமிழாசிரியர், குரோம்பேட்டை:

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ‘உதிக்கும்’ என்பது எதிர்காலம் மட்டுமே என்று நாம் பள்ளியில் பழக்கிவிட்டோம். தமிழ் இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. இது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு வினைமுற்று. இவ்வடிவம் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் காட்டும் என்பது நன்னூல் கூறும் இலக்கணம். மூன்று காலத்திலும் ஒரே தன்மையாக நிலைத்திருக்கும் பொருளை நிகழ்காலத்தால் சொல்ல வேண்டும் என்றும் பவணந்தி முனிவர் விதி வகுத்திருக்கிறார். அதற்கு உரையாசிரியர்கள் ‘மலை நிற்கின்றது’ என்று எடுத்துக்காட்டுவார்கள். ஆங்கிலத்தின் ‘சிம்பிள் பிரசன்ட்’ செய்யும் முதன்மையான வேலையும் ஏறத்தாழ இதுவேதான். ஆகவே அது நமக்கு அயலான கருத்து அல்ல என்பதைக் குழந்தையிடம் தயங்காமல் சொல்லலாம். தன் மொழியின் இலக்கணத்தைத் தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியின் இலக்கணம் பாதி தெரிந்தது போலத்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை.

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியாளர், தாம்பரம்:

‘எஸ்’ பற்றிய பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறான், வருகிறாள், வருகிறது, வருகிறார்கள் என்று எழுவாய்க்கு ஏற்ப வினையின் முடிவு ஒவ்வொன்றாக மாறுகிறது. ஆங்கிலத்தில் பொதுவான வினைகளுக்கு அந்த மாற்றங்களில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஐ, யூ, வீ, தே ஆகிய நான்குக்கும் ‘கம்’. ஹி, ஷி, இட் ஆகிய மூன்றுக்கும் ‘கம்ஸ்’. 1611இல் வெளிவந்த ஆங்கில விவிலிய மொழிபெயர்ப்பில் இந்த இடத்தில் ‘கோயத்’, ‘கமெத்’ என்ற பழைய முடிவுகளைக் காணலாம். இன்று ‘எஸ்’ அவற்றின் இடத்தில் நிற்கிறது.

நம் பிள்ளைகள் இங்கே தடுமாறுவதற்குத் தமிழிலேயே ஒரு காரணம் இருக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. அப்பா, ஆசிரியர், தாத்தா ஆகியோரை நாம் மரியாதையாக ‘வருகிறார்’ என்று பலர்பாலுக்குரிய முடிவோடு சொல்கிறோம். அந்தப் பழக்கத்தில் குழந்தைகள் அவர்களைப் பன்மையாகக் கருதி ‘மை ஃபாதர் வொர்க்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கில வினைக்கு மரியாதை முடிவு கிடையாது. முதலமைச்சராக இருந்தாலும் ஒருவர் என்றால் ‘எஸ்’ உண்டு.

எதிர்மறையிலும் கேள்வியிலும் ‘டூ’ என்ற துணைவினை உள்ளே வருகிறது. வந்தவுடன் ‘எஸ்’ அதனிடம் போய்ச் சேர்ந்து ‘டஸ்’ ஆகிவிடுகிறது; முதன்மை வினைக்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே ‘ஷி லைக்ஸ் இட்லி’, ‘ஷி டஸ் நாட் லைக் இட்லி’, ‘டஸ் ஷி லைக் இட்லி?’ என்று மூன்றையும் அடுத்தடுத்து எழுத வையுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்த ‘எஸ்’ ஓரிடத்தில் மட்டுமே இருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். நாம் சொல்வதைவிட அது ஆழமாகப் பதியும். ‘ஹூ’ எழுவாயாக வரும் கேள்விக்கு மட்டும் ‘டூ’ வேண்டாம்: ‘ஹூ லிவ்ஸ் ஹியர்?’

‘ஐ ஆம் கோ டு ஸ்கூல்’ என்று பலர் எழுதுவதையும் சொல்ல வேண்டும். ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ ஆகியவையும் வினைகளே. ‘நான் மாணவி’ என்று தமிழில் வினையே இல்லாமல் வாக்கியம் அமைந்துவிடுவதால், ‘ஐ’ வந்தாலே ‘ஆம்’ வர வேண்டும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஐ ஆம் எ ஸ்டூடன்ட்’ சரி, ‘ஐ கோ டு ஸ்கூல்’ சரி, இரண்டையும் கலக்கக்கூடாது.

உச்சரிப்பில் ‘வொர்க்ஸ்’ என்பதன் முடிவு ‘எஸ்’ ஒலி, ‘ரன்ஸ்’ என்பதன் முடிவு ‘இஸட்’ ஒலி, ‘வாஷஸ்’ என்பதில் ஓர் அசை கூடுகிறது. தமிழில் மூன்றையும் ‘ஸ்’ என்றே எழுதுவதால் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது நல்லது.

பெரம்பூர் அம்மா:

மூவருக்கும் நன்றி. ‘வழக்கமாக’ சோதனையை மகளே செய்து பார்த்தாள். அதில் ஒரு வாக்கியம் மட்டும் சிக்கியது: ‘எழும்பூர் வந்ததும் உன்னைக் கூப்பிடுகிறேன்.’ தமிழில் முதல் பகுதி நடந்து முடிந்தது போல இருக்கிறது, ஆனால் இன்னும் நடக்கவில்லை. இதை எப்படி எழுதுவது?

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், மயிலாப்பூர்:

‘வென் ஐ ரீச் எக்மோர், ஐ வில் கால் யூ.’ ‘வென்’, ‘இஃப்’, ‘ஆஃப்டர்’, ‘அன்டில்’ போன்ற சொற்களால் தொடங்கி, இனி நடக்கப்போவதைக் குறிக்கும் துணைவாக்கியத்தில் ஆங்கிலம் ‘வில்’ போடாது. ‘சிம்பிள் பிரசன்ட்’ போதும். எதிர்காலத்தைக் காட்டும் பொறுப்பு முதன்மை வாக்கியத்துக்கு உரியது. ‘கூப்பிடுகிறேன்’ என்பதும் தமிழில் நிகழ்கால வடிவம்தான். ஆனால் அது கொடுக்கும் வாக்குறுதி இனிமேல் நிறைவேறப்போவது என்பதால் அங்கே ‘வில்’ வந்தது. ரயில் அட்டவணைக்கு இது வேறு மாதிரி: ‘தி ட்ரெயின் லீவ்ஸ் அட் 8 டுமாரோ’ என்று நாளைய பயணத்தையே ‘சிம்பிள் பிரசன்ட்’டில் சொல்லலாம், ஏனென்றால் நேரம் முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. ‘வழக்கமாக’ சோதனை இந்த இரண்டு இடங்களுக்கும் பொருந்தாது. முதல் சோதனை நன்றாகக் கைவந்த பிறகு, அடுத்த வாரம் இவற்றைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்.